ஒட்டுக்குக் கீழே

கேட்டின் கொண்டி விழுகிற சத்தம் கேட்டதும் பாக்கியநாதன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரூபி போய்விட்டாள். வெள்ளிக்கிழமை, சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஜெபம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் டீ, பன், யார் மகளுக்கு எங்கே பார்த்திருக்கிறார்கள் என்கிற விசாரணை, எல்லாம் முடிந்து அவள் படியேறி வர மத்தியானம் ஆகும். அதற்குள் முடிவு பண்ண வேண்டும். என்ன பெரிய முடிவு. ஒரு நெல்மணி அளவுக்குப் பச்சை. அதைக் கிள்ளுவதா, விடுவதா. ஊட்டி மலைப்பாதையில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டினவனுக்கு இதற்கு ஒரு காலைப்பொழுது முழுக்க வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால் யோசிக்கவா முடியும். கை தானாகச் செய்யும். இப்போது அதே கை மடியில் கிடக்கிறது, டெப்போ மூலையில் நிறுத்தி வைத்த வண்டி மாதிரி. எதிரே தொட்டியில் எலுமிச்சை மரம். மரம் என்பது மரியாதைக்கு. இடுப்புயரத்துக்கு ஒரு தண்டு, அதிலிருந்து நாலைந்து குச்சி, பேருக்கு ஒரு இலை இல்லை. போன கிறிஸ்துமஸ் வரை வீட்டுக்குள்ளேயே இருந்து, இந்த ஜன்னல் வெயிலைத் தின்று, வருஷத்துக்கு ஒரு கூடை பழம் கொடுத்த மரம். புது வருஷத்துப் பனியில் கருகிற்று. இது ஈஸ்டருக்குள் துளிர்த்தால் ஊட்டியிலேயே இருப்பது, துளிர்க்காவிட்டால் வீட்டைக் காலி பண்ணிவிட்டுக் கோயம்புத்தூரில் மகன் பிரின்ஸோடு போய் இருப்பது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேசி வைத்துக்கொண்டது இதுதான். இன்று காலை துளிர் வந்துவிட்டது. ஆனால் வந்த இடம் சரியில்லை.

முதலில் இது வெளியே போனதே அவரால்தான். இல்லை, பிரின்ஸால். இல்லை, பெயிண்ட்காரனால். கிறிஸ்துமஸுக்குப் பிரின்ஸ் குடும்பத்தோடு வருகிறான், ஹாலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், நாற்காலி மேசையெல்லாம் வராந்தாவுக்குப் போனபோது தொட்டியும் போனது. நாற்காலி திரும்பி உள்ளே வந்தது. தொட்டி வரவில்லை. கனம். அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். அவர் வாழ்க்கையில் அப்புறம் என்று விட்ட வேலை எதுவும் கிடையாது, இது ஒன்றைத் தவிர. வருஷக் கடைசி ராத்திரி எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து படுத்தார்கள். காலையில் கதவைத் திறந்தால் புல் முழுக்க உப்புக் கொட்டின மாதிரி வெள்ளை. மரம் கண்ணாடியில் செய்து வைத்தது போல நின்றது. ஒவ்வோர் இலையிலும் ஓரம் கட்டின மாதிரி ஐஸ். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் என்ன. அவர் நேரே சமையல்கட்டுக்குப் போய் வெந்நீர் வைத்தார். எந்த டிரைவரும் அதைத்தான் செய்வான். பனிக்காலத்தில் விடிகாலை வண்டியை எடுக்கும்போது முன் கண்ணாடி முழுக்க ஐஸ் பிடித்திருக்கும், டீக்கடையில் ஒரு கெட்டில் வாங்கி ஊற்றினால்தான் பாதை தெரியும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது, கண்ணாடி விரிசல் விடும். கை பொறுக்கிற சூட்டில் ஊற்ற வேண்டும். அதெல்லாம் தெரிந்த ஆள் அவர். முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, பதமாக, உச்சியிலிருந்து அடிவரை, ஒரு இலை விடாமல் ஊற்றினார். ஐஸ் கரைந்து ஓடியது. இலை பளபளவென்று வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தார். ரூபி வாசலில் நின்று, ஸ்வெட்டர் கையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, "செடிக்கா வெந்நி ஊத்துறீங்க?" என்றாள். "உனக்கென்ன தெரியும்" என்றார். சாயங்காலம் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது. பனி கொன்றதா, அவர் கொன்றாரா. இரண்டும் சேர்ந்து கொன்றிருக்கும். பாதிப் பாதி. அந்தக் கணக்கைத் தீர்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை.

எலுமிச்சைக்கும் அவருக்கும் பழைய வழக்கு. ஆயுத பூஜையன்று டெப்போவில் டயருக்கு அடியில் பழம் வைப்பார்கள், வேதக்காரராக இருந்தால் என்ன, ஏறி நசுக்கிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். மற்ற நாளெல்லாம் பின்சீட்டில் யாராவது ஒருத்தர் மூக்கில் எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள், அடுத்த வளைவு எப்போது என்று பயந்துகொண்டு. கண்டக்டர் அமீது சொல்வான், "அண்ணே, மெதுவாப் போங்க, பழம் பத்தலை." சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா. ரிட்டயரான அன்றைக்கு மாலையும் கைக்கடிகாரமும் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை செய்ய ஒன்றும் இல்லாமல் நடந்து போய் ஒரு நர்சரியில் இந்தச் செடியை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. பழம் இருந்தது, மஞ்சளாக ஒன்றே ஒன்று. அங்கே இருந்த பெண், காலேஜ் படிக்கிற வயசு, "இது சமவெளிச் செடி தாத்தா, வீட்டுக்குள்ளயே வெயில் பார்த்து வைங்க. ஒட்டுச் செடி. இதோ இந்த முடிச்சு இருக்கு பாருங்க, இதுதான் ஒட்டுப் போட்ட இடம். இதுக்கு மேலே இருக்கறதுதான் நம்ம எலுமிச்சை. கீழே இருக்கற வேர் காட்டு ரகம். கீழேயிருந்து ஏதாவது துளிர் வந்தா உடனே கிள்ளிடணும்" என்றாள். தாத்தா என்றதுதான் அன்றைக்கு மனசில் நின்றது. இப்போது மற்றதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வருகிறது. வராமல் இருந்திருக்கலாம்.

அவர் குனிந்தார். முதுகு ஒரு வார்த்தை சொன்னது. சொல்லட்டும். தண்டின் அடியில், மண்ணுக்கு நாலு விரல் மேலே அந்த முடிச்சு, பழைய புண் ஆறின இடம் மாதிரி புடைத்துக்கொண்டு. துளிர் அதற்குக் கீழே. கீழேதானா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிற துளிர், ஆளைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை மாதிரி. முடிச்சு எங்கே முடிகிறது. மேல் ஓரம் தெரிகிறது, கீழ் ஓரம் வழவழவென்று தண்டோடு கலந்துவிட்டது. முடிச்சின் மேலேயே வந்திருந்தால்? நடுவில் வந்தது யாருடையது? விரலை வைத்துத் தடவினார். மேடு, மேடு, மேடு, அப்புறம் சமதளம், சமதளத்தில் கொஞ்ச தூரம் தள்ளி அந்தப் பச்சை. கீழேதான். சந்தேகமே இல்லை. மறுபடி தடவினார். கீழேதான். மூன்றாவது தடவையும் தடவிப் பார்த்தால் மேலே ஏறிவிடுமா என்ன. ஆனால் என்ன பச்சை. மூன்று மாசமாகச் சாம்பல் நிறத்தையே பார்த்த கண்ணுக்கு அது கூசியது. ரூபிக்கு ஒட்டு தெரியாது, முடிச்சு தெரியாது, கியர் எது கிளட்ச் எது என்று தெரியாத மாதிரிதான். துளிர் என்றால் துளிர். "வந்துடுச்சு ரூபி" என்று காட்டினால் போதும். அவள் பார்ப்பாள். சரி என்பாள். பேச்சு என்றால் பேச்சு. வீடு இருக்கும், இந்த ஜன்னல் இருக்கும், காலையில் மார்க்கெட் வரை நடந்து போய், பஸ் ஸ்டாண்டில் நின்று, புதுப் பையன்கள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற லட்சணத்தைப் பார்த்து வயிறு எரிகிற சுகம் இருக்கும். துளிர் கொஞ்சம் நீண்ட பிறகு, வேண்டுமானால் அடியில் இரண்டு கை மண் அள்ளிப் போட்டு முடிச்சை மூடிவிடலாம். மூடிவிட்டால் எது மேலே எது கீழே. யாருக்கும் தெரியாது. அவருக்கும் மறந்து போகும். அவர் தொட்டியின் மண்ணில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

ஏமாற்றுவது ஒன்றும் இந்த வீட்டுக்குப் புதிசில்லை. எதையும் பேசி முடிவு பண்ணத் தெரியாத ஜோடி அவர்கள். பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்விடுவார், அவள் அம்மா வீட்டுக்குக் கடிதம் எழுதுவாள். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது. ஜெபம் பண்ணிவிட்டு, டம்ளரில் இரண்டு சீட்டு, ஒன்றை எடுப்பது, அது கர்த்தர் சித்தம். மகனுக்குப் பெயர் வைக்கும்போது அப்படித்தான். அவருக்கு அவர் அப்பா பெயர் வைக்க வேண்டும், ஞானாபரணம். அவளுக்கு பிரின்ஸ். பாதிரியார் முன்னால் சீட்டு எடுத்தார், பிரின்ஸ் வந்தது. சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டார். எல்லாரும் போன பிறகு டம்ளரைக் கழுவ எடுத்தபோது உள்ளே கிடந்த மற்றச் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். அதிலும் பிரின்ஸ். ரூபியின் கோழிக்கிறுக்கல். அவர் அதைக் கசக்கி அடுப்பில் போட்டார். இன்று வரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள். சிரித்திருப்பாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே, "ஞானாபரணமாம், பள்ளிக்கூடத்துல கூப்பிடறதுக்குள்ளே மணி அடிச்சுடும்" என்று சிரித்திருப்பாள். அப்படிப்பட்டவள்தான் இந்த மரத்தையும் சீட்டாக்கினாள். இலையெல்லாம் காய்ந்த பிற்பாடு ஒரு நாள், அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, கதவில் சாய்ந்துகொண்டு, "ஏங்க, பிரின்ஸ் தினமும் கேக்கறான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. இது ஈஸ்டருக்குள்ள துளிர்த்தா இங்கேயே இருப்போம். இல்லேன்னா போயிருவோம். என்ன சொல்றீங்க?" அவர் சரி என்றார். அந்த நிமிஷம் வரை மரம் வெறும் மரம். அதற்கப்புறம்தான் ராத்திரி தூக்கம் போனது.

அவளுக்குப் போக வேண்டும். வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் டாக்டர் சொன்னார். வீசிங்குக்குக் குளிர் ஆகாது, கீழே இருந்தால் பாதி மருந்து குறையும் என்று. அவருக்குப் போக முடியாது. ஏன் முடியாது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பிரின்ஸ் நல்ல பையன். மருமகளும் ஒரு குறையும் வைக்கமாட்டாள், மாமா மாமா என்று காபியைக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பாள், டம்ளரை வாங்கிக்கொள்ள. அதுதான். அந்த நிற்கிறதுதான். போன வருஷம் பிரின்ஸ் காரில் கீழே கூட்டிக்கொண்டு போனான். முன்சீட்டில் உட்கார்ந்து பர்லியாறு வரை அவர் வலது காலை வெறும் தரையில் அழுத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு வளைவுக்கும். பிரேக் இல்லாத இடத்தில் பிரேக். பிரின்ஸ் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அப்பா, காலைத் தூக்கி நிம்மதியா வைங்க, நான் ஓட்டறேன்ல" என்றான். அன்பாகத்தான் சொன்னான். கீழே போய் இறங்கும்போது தொடை மரத்துவிட்டிருந்தது. இனிமேல் அப்படித்தானே. சாகும் மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே. இங்கே அவர் எவனுக்கும் பக்கத்து சீட் இல்லை. இந்த வீட்டில் கொதிக்கிற பால் முதல் பூட்டுகிற கதவு வரை அவர் கண்ட்ரோல். அதனால்தான் இந்தக் குச்சி பிழைக்க வேண்டும். மரத்தின் மேல் அப்படியொரு பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பிழைக்க வைக்க என்னதான் செய்யவில்லை. தொட்டியை மறுபடி உள்ளே தூக்கி வந்து மீன் கழுவின தண்ணீர் ஊற்றினார். டீத்தூள் சக்கை போட்டார். முட்டை ஓடு போட்டார். இலை இல்லாத மரத்துக்குப் பசிக்காது என்று யாருக்குத் தெரியும். வேர் அழுகுகிற நாற்றம் வந்தபோது தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னல், அந்த ஜன்னலிலிருந்து இந்த ஜன்னல், மரம் இந்த வீட்டில் ஓடின தூரம் குன்னூர் வரும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருந்தால் உயிர், பழுப்பு என்றால் போச்சு. நேற்றுச் சுரண்டின இடத்துக்குப் பக்கத்தில் இன்று சுரண்டி, குச்சியெல்லாம் எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் நர்சரிக்கே போன் பண்ணினார். வேறொரு பெண் எடுத்தாள். இலை தானா உதிர்ந்துச்சா, காஞ்சு ஒட்டிக்கிட்டே இருந்துச்சா என்று கேட்டாள். பாதி உதிர்ந்தது, பாதி ஒட்டிக்கொண்டிருந்தது, நான்தான் பிய்த்தேன் என்றார். "உதிர்ந்த பக்கம் உயிர் இருக்கும் சார். ஒட்டினது கஷ்டம். எதுக்கும் வெட்டிடாதீங்க. துளிர் வந்த பிறகுதான் எதுவரைக்கும் செத்திருக்குன்னு தெரியும்." சரி, இப்போ என்ன செய்யணும் என்றார். "ஒண்ணும் செய்யாதீங்க சார்." ஒண்ணும்னா? "ஒண்ணுமேதான். தண்ணி கம்மியா, உரம் வேண்டாம், இடம் மாத்தாதீங்க. சும்மா விடுங்க." அவருக்கு வந்த கோபம். ஒன்றும் செய்யாதே என்று சொல்ல ஒரு ஆள், அதற்கு ஒரு போன் நம்பர். சும்மா இருப்பது ஒரு வேலையா. அது தெரிந்திருந்தால் இப்படி ஒரு மனுஷன் இவர் ஆகியிருப்பாரா. சும்மா இருக்க முடியாமல் அன்றைக்கே கரிச்சட்டியைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவாவது சூடு. உரமில்லை, தண்ணியில்லை, வெறும் கணப்பு. அதை அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கரிச்சட்டி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சாம்பலுக்கு அடியில் ஒரு கண் சிவப்பு. காலையில் அதற்குக் கரி போடக் குனிந்தபோதுதான் துளிரைப் பார்த்தார். கரி போட்டுக்கொண்டே பார்த்தார். அதற்கு முன்னால் ராத்திரி. ராத்திரி அவள் சமையல்கட்டில் படுத்தாள். ஒரு வாரமாக அங்கேதான். அடுப்புப் பக்கம் கதகதப்பாக இருக்கிறது என்றாள், அவரும் நம்பினார். நம்பினாரா. கதவு வழியாக அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. ஏர் பிரேக் லீக்காகிற சத்தம் அது. வண்டி நின்ற பிறகும் எங்கேயோ மெலிசாக உஸ் என்று ஒரு கசிவு, காதில் விழுந்தால் எந்த டிரைவரும் படுக்கமாட்டான், எழுந்து போய் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பான். அவர் எழுந்திருக்கவில்லை. புரண்டு படுத்தார். கரிப்புகை ஹாலில் சுற்றிக்கொண்டு நிற்கும், ஜன்னலைத் திறந்தால் மரத்துக்குக் குளிர், அதனால் ஜன்னல் சாத்தியே இருந்தது. யாருக்குக் குளிர். மரத்துக்கு. யாருக்குப் புகை. இதை இத்தனை நாள் இரண்டு தனித்தனி விஷயமாக வைத்திருந்தார், இரண்டு பாக்கெட்டில் இரண்டு சாவி மாதிரி. சமையல்கட்டில் கதகதப்பாம். அங்கே அடுப்பு எட்டு மணிக்கே அணைந்துவிடும். அவள் கதகதப்புக்குப் போகவில்லை. புகையிலிருந்து போயிருக்கிறாள். சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை. சொன்னால் கரிச்சட்டியை எடுக்க வேண்டிவரும், எடுத்தால் மரம் போகும், மரம் போனால் அவள் ஜெயித்த மாதிரி ஆகும். இரண்டு சீட்டிலும் பிரின்ஸ் எழுதினவள், இந்தத் தடவை இவ்வளவு நியாயமாகவா ஆட வேண்டும்.

அவர் எழுந்து கரிச்சட்டியை இடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்வாசல் படியில் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். சீறிற்று. திரும்பி வந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே மார்ச் மாச வெயில், உடம்புக்குப் பதமான வெயில், யூகலிப்டஸ் வாசனையோடு. புகை ஒரு கணம் தயங்கிவிட்டுப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். சரி, இது வேறு, அது வேறு. துளிருக்கு வருவோம். இதை விட்டால் என்ன ஆகும். வளரும். வேகமாக வளரும், காட்டு ரகம் அல்லவா, பனியும் தெரியாது வெந்நீரும் தெரியாது. வேர் குடிக்கிற தண்ணீரையெல்லாம் இதுவே வாங்கிக்கொள்ளும், முடிச்சுக்கு மேலே ஒன்றும் போகாது. மேலே எங்கேயோ பட்டைக்கு அடியில் உயிர் கொஞ்சம் இருக்கிறதே, அது காத்திருந்து காத்திருந்து காய்ந்துவிடும். அடுத்த வருஷம் இந்தத் தொட்டியில் ஆளுயரத்துக்கு ஒரு மரம் நிற்கும். முள்ளும் இலையுமாக. ரூபி வந்து பார்ப்பாள், அட, என்பாள். காய்த்தால் ஊறுகாய்க்கும் ஆகாத கசப்பு. அதன் நடுவில் செத்த மரம், முடிச்சின் மேலே அவர் போட்ட மண். அந்த மரத்தைத் தினம் காலையில் பார்த்துக்கொண்டு டீ குடிக்க வேண்டும். முடியுமா. முடியும். மனுஷனால் எதுதான் முடியாது. ஆனால் இதை வாங்கின அன்று அந்த ஒரே பழம் மஞ்சளாக இருந்ததே, அது அவர் கையால் தண்ணீர் ஊற்றி வருஷத்துக்கு ஒரு கூடையானதே. வெந்நீர் ஊற்றினது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்வது. பனி பாதி, அவர் பாதி என்று பங்கு போட முடியாது. முழுசும் அவர்.

பாசம் இல்லை என்றாரே. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் வந்து மாட்டிக்கொண்டது, செருப்பில் முள் மாதிரி. சமவெளிச் செடி என்றாளே அந்தப் பெண். இத்தனை வருஷமாக அதை வீட்டுக்குள் பூட்டி, வெயிலுக்கு ஜன்னல் ஜன்னலாகத் தூக்கி, குளிருக்குப் பொத்திப் பொத்தி வைத்து, மலையில் ஒரு எலுமிச்சை வளர்க்கிறேன் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே இதுவே தெருவோரத்தில் குப்பையில் முளைத்துக் காய்க்கும். வாய் இருந்தால் அது எந்தக் கட்சியில் நின்றிருக்கும். மலையில் இருப்பதற்கு அவர் கூண்டில் ஏற்றின சாட்சி, மலை வேண்டாம் என்று சொல்கிற சாட்சி. அட சே. மரத்தையும் ரூபியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது போல ஆயிற்று. இரண்டும் வாயைத் திறக்காது. இரண்டுக்கும் குளிர் ஆகாது. அவர் அந்த நினைப்பைத் தள்ளினார். அது நகர்ந்து நின்றது, போகவில்லை. இப்போது துளிர். துளிர் மட்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டுபோனார். கத்தி வேண்டாம், கத்தியால் வெட்டினால் அடி நின்று மறுபடி வரும், அடியோடு தேய்த்து எடுக்க வேண்டும். இதுவும் அந்தப் பெண் சொன்னதுதான். தாத்தா என்றவள். தொட்டதும் ஈரமாக இருந்தது. குழந்தையின் காது மடல் மாதிரி. பக்கவாட்டில் ஒரு அழுத்து. வந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. விரலில் வாசனை, எலுமிச்சை மாதிரி, எலுமிச்சை இல்லை, காரமாக. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு இலை விரியப் போகிற மடிப்பு. இவ்வளவு நாளில் இந்த மரத்தில் கண்ணுக்குத் தெரிய ஜீவனோடு இருந்தது இது ஒன்றுதான், அதை எடுத்தாயிற்று. மரம் முன்னைவிட மொட்டையாக நின்றது. அவர் எதிர்பார்த்த பயம் வரவில்லை. வண்டியை டெப்போவில் விட்டு இன்ஜினை அணைத்ததும் காதில் ஒரு வெறுமை வருமே, அது வந்தது.

துளிரைக் கைக்குள் மூடிக்கொண்டார். மத்தியானம் ஆயிற்று. கீழே ரோட்டில் பேச்சுக்குரல்கள் கேட்டன, ஜெபக்கூட்டத்துப் பெண்கள் பிரிந்து போகிற குரல்கள். ரூபியின் குரலும் இருந்தது, சிரித்துக்கொண்டு. இனிப் படி ஏறுவாள். கொண்டி சத்தம் வரும். வரவில்லை. காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்க வராது, ஆனாலும் காத்திருந்தார். வரவில்லை. திறந்த ஜன்னல் வழியே தலையை நீட்டினார். படிகளின் நடுவில், குழாய்க்குப் பக்கத்தில், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைபிள் பை தரையில். முதுகு ஏறி ஏறி இறங்கியது. கையில் இன்ஹேலர், ஒரு தடவை, நின்று, இன்னொரு தடவை. யாரும் பார்க்கவில்லை என்கிற நிற்பு. வாயை முந்தானையால் துடைத்தாள். தலைமுடியைச் சரிசெய்தாள். ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டாள். பையை எடுத்து, நிமிர்ந்து, முகத்தை ஒரு மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினாள். தினமும் இதைத்தான் செய்திருப்பாள். அவர் ஜன்னல் தினமும் சாத்தியிருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கொண்டி விழுந்தது. செருப்பு கழன்றது. உள்ளே வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "ஜன்னல் திறந்திருக்கு" என்றாள். "ம்." மரத்தைப் பார்த்தாள். ஜன்னல் பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கிள்ளிட்டீங்களா?"

"எதை?"

"காலைல கூட்டும்போதே பார்த்தேன். அடியில பச்சையா."

"சொல்லவே இல்லை."

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். சர்க்கரை போட மறந்த டீயைக் குடிச்சுட்டு ஒரு வார்த்தை திட்டலை. அப்பவே தெரிஞ்சுது, ஐயா பார்த்துட்டாருன்னு." கட்டிலில் உட்கார்ந்தாள். "சர்ச்சிலேர்ந்தே பிரின்ஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மரம் துளிர்த்துடுச்சு, உங்கப்பா ஜெயிச்சுட்டாரு, நாங்க வரலைன்னு."

"என்ன சொன்னான்?"

"என்ன சொல்வான். மரத்தைக் கேட்டா மனுஷன் முடிவு பண்ணுவான்னு சத்தம் போட்டான். உங்க மகன்தானே." அவள் மறுபடி மரத்தைப் பார்த்தாள். "ஏங்க, இருக்கலாம்னுதானே ஆசைப்பட்டீங்க. ஏன் கிள்ளினீங்க?"

அவர் கையை விரித்தார். உள்ளங்கைச் சூட்டில் துளிர் வாடியிருந்தது. "இது நம்ம மரம் இல்லை. ஒட்டுக்குக் கீழே வந்தது. காட்டு ரகம். விட்டா மேலே இருக்கறதைக் கொன்னுடும்."

"எனக்கு எது மேலே, எது கீழேன்னு என்ன தெரியும். விட்டிருந்தா நான் கேட்டிருக்கவா போறேன்."

"கேட்டிருக்க மாட்டே."

"அப்புறம்?"

அவர் துளிரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாயிற்று, அதை முந்தானையில் பிடித்து அடக்கினாள். அடக்கி முடிக்கும்வரை அவர் வேறெங்கும் பார்க்கவில்லை.

"அப்ப மரம் செத்துடுச்சா?"

"இல்லை. மேலே பச்சை இருக்கு, சுரண்டிப் பார்த்தேன். வரும். இந்தக் குளிர்ல லேட்டா வரும்."

"ஈஸ்டருக்குள்ளே?"

"வராது."

"அப்ப நான் ஜெயிச்சேனா?" என்றாள். ஜெயித்தவள் குரலாக அது இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், ஒரு வார்த்தை சொன்னால் அதையும் விட்டுக்கொடுத்துவிடுகிற மாதிரி.

"மறுபடி போன் போடு."

"இப்பத்தான் வரலைன்னேன். கிறுக்குப் புடிச்சிருச்சான்னு கேப்பான்."

"கேக்கட்டும்." அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்து, எவ்வளவு கனம் இருக்கும் என்று ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்தார். "அவன் வீட்டு பால்கனில வெயில் காலைல விழுமா, சாயங்காலம் விழுமா, அதை முதல்ல கேளு."